ஆடியில் எடுத்த படம்

இன்னும் இரண்டு மணித்தியாலம், அதற்குள் நேர்மையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இணையத்தளத்தில் ஏற்றிவிட வேண்டுமாம், நேர்மை என்று ஒன்று இருப்பதே முதலாளி ரஜிதன் அண்ணைக்கு நேற்றுத்தான் தெரியவந்திருக்கிறது, அதுவும் கனடாவிலிருந்து ஒருவன் கேட்டதால்... உங்கட தளத்தில எழுதுறதை ஆர் சரிபார்க்கினம் என்று கேட்டானாம், உடையார்கட்டில் தனியாக இருக்கும் தாயின் வீட்டுக் கூரையைத் திருத்தக் கொடுக்குமுன். இன்றைக்குத் தாய் வேலை பேச வருகிறார், அதற்குள் பதில் தளத்தில் இருக்கவேண்டும். நியாயமான கேள்வி. கிளிநொச்சியில் வீடு திருத்தும் இந்த நிறுவனத்தின் தளத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சாரங்காவுடையது, சரிபார்ப்பதும் அவள்தான், பௌதிகம் படித்துவிட்டு வந்து எழுத்துப்பிழை பார்ப்பவள். ‘எமது கட்டுரைகளைத் தகுதிபெற்ற பொறியியலாளர்கள் பரிசோதிக்கிறார்கள்.’ முதல் வரி. எந்தப் பொறியியலாளர் அண்ணை என்று காலையில் மெல்லக் கேட்டாள். “நீர் சயன்ஸ் படிச்சனீர்தானே, பிறகென்ன?” என்றார். மேசன் சதீஸ் வாசலில் நின்று, “அப்ப நானும் டொக்டர்தான் அண்ணை, எத்தினை சுவர் வெடிப்புக்கு மருந்து போட்டனான்” என்றான். அண்ணையும் சிரித்தார். தன்னைத்தான் சொல்கிறான் என்றுகூட விளங்காத சிரிப்பு.

இரண்டாவது வரி, ‘படங்கள் யாவும் உண்மையானவை.’ உண்மைதான், அதுதான் கேவலம். முகப்பில் இருக்கும் அந்தப் பச்சை வீடு... இடப்பக்கம் ‘முன்’, மார்கழி மழையில் சுவர் முழுக்கக் கறுத்த ஈரம். வலப்பக்கம் ‘பின்’, கொங்கிறீற் கூரைக்கு நீர் இறங்காத பூச்சு அடித்து, சுவருக்கும் புது நிறம் அடித்து, ஆடி வெயிலில் பளிச்சென்று. ஆடியில் வன்னியில் எந்த வீடு ஒழுகும்? கூரையே இல்லாத வீடும் ஒழுகாது. மழையில்லாத மாதத்தில் கூரையைச் சோதித்து வெற்றி என்று எழுதியிருந்தால் விரிவுரையாளர் கொப்பியை முகத்தில் எறிந்திருப்பார், இங்கே அந்தப் படத்துக்கு ஊரெல்லாம் பாராட்டு. ‘பின்’ என்று தட்டச்சுச் செய்தது யார்? அவளேதான்... மூன்றாவது வரி, ‘தவறு தெரியவந்தால் உடன் திருத்துவோம்.’ தெரியவந்தால். கார்த்திகையின் முதல் மழைக்கே அந்த வீட்டுக்குத் தெரியவந்தது, அண்ணைக்கும் தெரியவந்தது, “பூச்சு இறுக ஒரு மாரி போகவேணும்” என்றார், மழையைத் தடுக்கும் பூச்சு மழையில் நனைந்துதான் இறுகுமாம், இப்படியொரு இரசாயனத்தை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த வீட்டுக்காரரோ, சலுகையாகச் செய்து தந்த மனிதரை எப்படிக் குறை சொல்வது என்று வாயைப் பொத்திக்கொண்டார். அவளும்தான் பொத்திக்கொண்டாள். வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவளுடைய சம்பளம் ஒன்றுதான், வாயைத் திறந்தால் அதுவும்... இந்தப் பக்கம் ஏறினால் இன்னொரு வீட்டுக்கு அதே பூச்சு. ஏற்றாவிட்டால்?

கனடாக்காரனின் தாய் அமராவதி நேரத்தோடேயே வந்துவிட்டார், பஸ்ஸால் இறங்கி நனைந்த சேலையோடு, கதிரை நனையும் என்று விளிம்பில் இருந்தபடி. அண்ணை தேத்தண்ணி வரவழைத்தார், கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார், அவருடைய கதையில் ஒரு வார்த்தையும் தடக்கவில்லை, பொய்க்கு எவ்வளவு நல்ல நாக்கு...

“எனக்கு உந்த எழுத்துகள் விளங்காது தம்பி. மகன் பாத்துக்கொள்ளுவான்” என்றார் அமராவதி. பிறகு பச்சை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வடிவான வீடு. இந்த ஆக்களோட ஒருக்காக் கதைக்கேலுமோ? இந்த மழைக்கு எப்பிடி இருக்கெண்டு கேப்பம்.”

“அவை இப்ப வெளிநாட்டில அம்மா. வீடு பூட்டிக் கிடக்கு.”

வெளிநாட்டிலாம். எவ்வளவு சுலபமாக அனுப்பிவிட்டார், கடவுச்சீட்டுக்கூட இல்லாமல், அப்பாவையும் அம்மாவையும்... சாரங்காவின் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. யாரோ கதைப்பது கேட்டது, கொஞ்சம் கரகரத்த குரல், தன்னுடைய குரல் இவ்வளவு சத்தமாக வருமென்று அவளுக்குத் தெரியாது.

“அது எங்கட வீடு அம்மா. ராத்திரியும் சாமியறைக்குள்ள சட்டி வைச்சிட்டுத்தான் படுத்தனாங்கள்.”