வெள்ளைமுடிக்காரி என்ன சொன்னாள்

எனக்குச் சிங்களம் தெரியும் என்று நான் சொன்னது பொய். பதினாலு வயதில் சொன்ன பொய். தெரிந்ததெல்லாம் சோதனைச் சாவடியில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஐந்தாறு சொற்கள்தான். எங்கே போகிறாய், அடையாள அட்டை, இறங்கு, சரி போ. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கார்ட்டூன் தொடரையே எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்த ஆள் நான். என் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கே வியப்பாக இருக்கிறது.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. மண்டூரில் எங்கள் பக்கம் மின்சாரம் கிடையாது. எங்கள் வீட்டில் கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவி ஒன்று இருந்தது. பற்றரிக்குச் சார்ஜ் போட அப்பா கிழமைக்கு ஒரு தடவை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறிக் குருமண்வெளிக்குப் போவார். பாதை என்றால் ரோட்டு அல்ல, வாவியைக் கடக்கிற இரும்புத் தெப்பத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அந்தப் பற்றரி தாங்கும் வரைக்கும்தான் எங்களுக்குப் படம்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு அந்தக் கார்ட்டூன் வரும். ஜப்பானில் செய்தது, ஆனால் பேச்செல்லாம் சிங்களம். தொப்பி போட்ட ஒரு பொடியன், அவனோடு ஒரு கிழட்டு ஆமை, இரண்டு பேரும் பறக்கிற தோணியில் ஊர் ஊராகப் போவார்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் வெள்ளைமுடிக்காரி ஒருத்தி மலையுச்சியில் நின்று கடலைப் பார்த்து ஏதோ சொல்வாள்.

என் தம்பி மதுரனுக்கு அப்போது ஏழு வயது. அம்மா வீட்டுவேலைக்குக் குவைத் போய் ஒரு மாதம். அவன் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். கெஞ்சினேன், மிரட்டினேன், இரண்டு அடியும் போட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. ஒரு சனிக்கிழமை, அந்த வெள்ளைமுடிக்காரி வந்து நின்றபோது அவன் கேட்டான்.

“அக்கா, அவ என்ன சொல்றா?”

“அவதான் அந்தப் பொடியன்ட அம்மா. வெளிநாட்டுக்குப் போனவ. ‘இன்னும் கொஞ்ச நாள்தான் மகன், சோத்தத் தின்னு, நான் வாறன்’ எண்டு சொல்றா.”

அன்றைக்கு அவன் இரண்டு கோப்பை சோறு தின்றான்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியுமா? வெள்ளைமுடிக்காரி தோணியின் மேல் நெருப்பை எறிந்தால், மகனுக்குக் குளிரும் என்று அனுப்புகிறாள் என்றேன். ஆமையைச் சங்கிலியால் கட்டினால், அது தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அவள் வெல்லும்போதெல்லாம் ஒழுங்கைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசிப் பாகம், இருபத்தாறாவது, தொடக்கப் பாட்டோடு பற்றரி செத்துப்போனது. பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பொடியனின் அம்மா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள், கதை முடிந்தது, எழும்பிப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் அம்மா வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. மதுரன் ஓடிப் போய், கிட்டப் போனதும் நின்று, “உங்கட தலமுடி ஏன் கறுப்பு?” என்று கேட்டான். அதை அம்மா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. தபால் கந்தோரில் வேலை. மதுரன் நீர்கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி கம்சாயினி இரண்டு வருடம் விழுந்து விழுந்து ஜப்பான் மொழி படித்துச் சோதனை பாஸ் பண்ணி, போன ஐப்பசியில் அங்கே முதியோரைப் பராமரிக்கப் போனாள். ஆறு வயது மகள் நிருஷாவை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

நிருஷா நன்றாகத் தின்பாள். தகப்பனைப் போல இல்லை. ஆனால் தாயோடு பேச மாட்டாள். கம்சாயினி ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். போன் அடித்ததும் பிள்ளை ஓடிப் போய் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இழுத்து வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருப்பாள். நாற்பத்தொரு நாள் இப்படியே போனது. நாற்பத்தோராம் நாள் கம்சாயினி உடைந்துபோனாள்.

“மச்சாள், எனக்கு ஏலா. என்ட புள்ள என்னய மறந்திடும். நான் எல்லாத்தையும் விட்டுட்டு வாறன்.”

“கொஞ்சம் பொறு கா” என்றேன். அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வந்துவிட்டால் இனிப் போக முடியாது. வராமல் இருந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மதுரன் லீவில் வந்தான். வந்த கையோடு லப்டொப்பை டீவியில் மாட்டத் தொடங்கினான்.

“அக்கா, கிடச்சிட்டு! நம்மட தோணிக் கார்ட்டூன். ஆரோ பழய கசெட்டுகள்ள இருந்து எடுத்து நெட்டுல போட்டிருக்கான்.”

என் பழைய பொய் நினைவுக்கு வந்தது. “நீ பாத்திட்டியா?”

“இல்ல. உங்களோட பாக்கத்தான் வெச்சிருக்கன். நீங்க இவளுக்கும் சொல்லணும். எனக்குச் சொன்ன மாதிரி, அந்த அம்மாட கதய.”

“உனக்குத்தானே இப்ப சிங்களம் தண்ணிபட்ட பாடு. நீயே சொல்லன்.”

“நான் சொன்னா அந்தக் கத வராது அக்கா. அந்தக் கதயாலதான் நான் தப்பினன்.”

மத்தியானம் இரண்டு மணிக்கு மூவரும் பாயில் உட்கார்ந்தோம். நிருஷா போர்வையால் தலையை மூடிக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டாள்.

படம் நிறத்தில் ஓடியது. தோணி நீலம் என்று அன்றுதான் தெரிந்தது. படமோ படுமோசம். கடல் என்று ஒரே அலையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். பொடியனின் ஒரு கையில் நாலு விரல், மற்றக் கையில் ஐந்து. இதைத்தான் நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோமா? ஆனால் அந்தப் பாட்டு வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மதுரன் ஒரு சொல்லும் பிசகாமல் கூடவே பாடினான்.

பாகத்தின் முடிவில் வெள்ளைமுடிக்காரி மலையுச்சிக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். மதுரன் காதில் விழுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று நான் சத்தமாகத் தொடங்கினேன்.

“இவதான் புள்ள, அவன்ட அம்மா. ‘இன்னும் கொஞ்ச நாள்தான் மகன்’ எண்டு—”

போர்வை விலகியது.

“இல்ல மாமி. அவ அம்மா இல்ல. ‘அந்தத் தோணி எனக்கு வேணும், பொடியனக் கடல்ல தள்ளுங்க’ எண்டு சொல்றா.”

நீர்கொழும்பில் அவள் போனது சிங்களப் பாலர் பள்ளிக்கு. மூன்று வருடம் போனாள். நானே சீருடை தைத்து அனுப்பியிருக்கிறேன். ஏழு வயது மதுரனையே மனதில் வைத்துக்கொண்டிருந்ததில் அது எனக்கு அடியோடு மறந்துபோனது.

மதுரன் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா. அவ கள்ளியா?”

“ஓம் போல.”

“உங்களுக்குச் சிங்களம் தெரியாதா?”

“இப்பவும் தெரியா.”

எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது. “நீ சோறு தின்னல்லடா. எனக்கு வேற என்ன செய்யிறது எண்டு விளங்கல்ல” என்றேன்.

“இந்தக் கள்ளிக்காக நான் எத்தின நாள் அழுதிருக்கன் தெரியுமா?” என்றான் அவன். முகம் கோணியது. அழப் போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் புரண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அதைப் பார்த்து நிருஷாவும் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பிறகு மொழிபெயர்ப்பு அவள் கைக்குப் போனது. டீவிக்கு முன்னால் எழும்பி நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் வாயைத் திறந்தால், “மாமி, நீங்க பேசாம இருங்க, உங்களுக்குத் தெரியாதே” என்று அடக்கினாள். இவ்வளவு பேச்சு இந்தப் பிள்ளைக்குள் எங்கே கிடந்தது? அப்படியே மூன்றாம் பாகமும் முடிந்தது.

“கடைசிப் பாகத்தப் போடுவமா அக்கா? அண்டைக்குப் பற்றரி செத்துதே” என்றான் மதுரன்.

தேடிப் பார்த்தால் இருபத்தாறாம் பாகம் மட்டும் சிங்களத்தில் இல்லை. ஜப்பான் மொழியில்தான் இருந்தது. சரி, படத்தையாவது பார்ப்போம் என்று போட்டான். தோணி உடைந்து கிடந்தது. ஆமை மூச்சு வாங்கியது. வெள்ளைமுடிக்காரி தன் கோலை எறிந்துவிட்டு, பொடியனுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். படம் முடிந்தது.

“அவ ஏன் அழுறா?” என்றாள் நிருஷா.

தகப்பனும் மகளும் என்னைத்தான் பார்த்தார்கள். பழக்கதோஷம். எனக்கும் நாக்கு நுனியில் கதை வந்துவிட்டது. அவள் உண்மையிலேயே அம்மாதான், கடைசியில் சொல்லிவிட்டாள் என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். பிள்ளையும் நம்பியிருப்பாள். சிங்களம்தானே தெரியும் அவளுக்கு.

“எனக்கு விளங்கல்ல புள்ள” என்றேன். இத்தனை வயதுக்குப் பிறகு, அந்தக் கார்ட்டூனைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை.

“அப்பா?”

“எனக்கும் விளங்கல்ல.”

அப்போது நாலு மணி. போன் அடித்தது. நிருஷா வழக்கம்போல எழும்பி, நெல்மூட்டைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். டீவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்து, மேசையிலிருந்த போனைத் தானே எடுத்தாள்.

“அம்மா, இத ஒருக்காப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே போனை டீவிக்கு முன்னால் பிடித்தாள். நலமா, சாப்பிட்டாயா என்று எதுவும் இல்லை. “அப்பா, திருப்பிப் போடுங்க. கிட்டப் பிடிக்கிறன். அம்மா, கேக்குதா? அவ என்ன சொல்றா?”

படத்தை இரண்டு தரம் போட்டோம்.

“மன்னிச்சிக்க மகன் எண்டு சொல்றா” என்றாள் கம்சாயினி கடைசியில். “அது மட்டுந்தான் புள்ள விளங்குது. மிச்சம் கெதியாச் சொல்றா. எனக்கு விளங்கல்ல.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதாவது சொல்லித் தொலையேன், நல்லதாக ஏதாவது சேர்த்துச் சொல்லேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவள் சேர்க்கவில்லை.

“இஞ்ச என்னோட வேல செய்யிற ஆக்களிட்டக் காட்டிக் கேட்டு, நாளைக்குச் சொல்லட்டா?”

நிருஷா போனைத் தன் பக்கம் திருப்பினாள். தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நாளைக்கு எத்தின மணிக்கு?”

“நாலு மணிக்கு மகள்.”

“பிந்தாதீங்க” என்றாள் நிருஷா. “நான் இருப்பன்.”

போனை மதுரனிடம் கொடுத்துவிட்டு, நாலாம் பாகத்தைப் போடச் சொன்னாள். அவன் போனோடு வாசலுக்குப் போனான். கம்சாயினி விம்மி விம்மி அழுவது உள்ளே வரைக்கும் கேட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.