போர்வைச் சுவர்

"இன்னும் மேல தூக்குங்க, கடை போர்டு தெரியுது!"

"தூக்கிட்டுதான்டி இருக்கேன், எனக்கென்ன..."

"சலவைக் கடைன்னு கொட்டை எழுத்துல தெரியுதுங்கறேன்!"

"...இரும்புத் தோளா? ஏணியிலேர்ந்து விழுந்த தோள்டி இது!"

"செங்கல் மேல ஏறி நில்லுங்க. பொண்ணு கூப்பிடற நேரம்."

ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்த மனிதர். தோள் போனதும் வேலை போயிற்று. வேலை போனதும் வாடகை வீடும் கைவிட்டுப் போயிற்று. இப்போது இருவருக்கும் பஸ் நிலையத்து பெஞ்சில்தான் படுக்கை. சலவைக் கடைக்காரி தங்கமானவள். கடை வாசல் பிளக்கில் போனை சார்ஜ் போட விட்டதோடு, வைஃபை பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டாள். அந்தப் புண்ணியத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வீடியோப் பேச்சு.

மகளுக்கோ நிறைமாதம். விஷயம் தெரிந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாளே என்று அம்மாவுக்கு ஒரே கவலை. சின்ன வீட்டுக்கு மாறிவிட்டோம் என்று சொல்லி வைத்தாயிற்று. அந்தச் சின்ன வீட்டின் சுவர்தான் இந்தப் பூப்போட்ட போர்வை. ஒருவர் பேசும்போது மற்றவர் பின்னால் நின்று பிடிக்க வேண்டும்.

போன் அடித்தது.

"சாப்டியாடி கண்ணு?"

"ஆச்சும்மா. உள்ள ஒரே உதை. அப்பா எங்க?"

"குளிக்கறார்டி."

போர்வைக்குப் பின்னால் இருமல்.

"குளிக்கறவர் உன் முதுகுக்குப் பின்னாடி இருமறாரே?"

"சின்ன வீடுன்னு சொன்னேன்ல? எல்லாம் பக்கத்துப் பக்கத்துல."

"போன வாரம் அப்பா பேசறப்போ நீ குளிச்சே. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கவே முடியலையே!"

"சுத்தமா இருக்கோம், சந்தோஷப்படு."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, உன் வீட்டுச் சுவர் ஆடுது."

"அது... திரைச்சீலைடி. ஜன்னல் காத்து."

"திரைச்சீலைக்கு நகம் இருக்குமாம்மா? பச்சைப் பெயிண்ட் ஒட்டின நகம்?"

அம்மா அண்ணாந்து பார்த்தாள். போர்வையின் மேல்விளிம்பில் வரிசையாக விரல்கள். எத்தனை தேய்த்தும் போகாத பச்சை. போர்டை மறைக்கப் பட்ட பாட்டில் விரலை இருவருமே மறந்திருந்தார்கள். அவை இப்போதும் விடவில்லை. போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கை வலிக்கும்பா. அதைக் கீழ போட்டுட்டு, அம்மா பக்கத்துல வந்து உக்காருங்க."