பிடுங்கிப் போட்ட தகரத் தட்டு

டிரைவர் காலையில் வந்து படுத்ததும் அடுத்த வீட்டில் டங் டங் என்று ஆரம்பித்துவிடும். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வருகிற மனுஷன். போர்வையை இழுத்துத் தலையை மூடுவார், புரளுவார், எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்து முனகுவார். மதிலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் கிழவி, தகரத் தட்டைக் கரண்டியால் அடித்துக் கிளி விரட்டிக்கொண்டிருப்பாள். தெருவே அவளைத் தகரக்காரம்மா என்றுதான் சொல்லும். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு, வேறென்ன.

ஒருநாள் ஓட்டும்போதே டிரைவருக்குக் கண் சொருகிவிட்டது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்ததால் தப்பித்தார். அன்று தன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிழவியின் தோட்டத்துக்குப் போனார்.

"ஏம்மா, பஸ் நிறைய ஆளுங்க உசுரு என் கையில இருக்கு. உங்க நாலு தக்காளிக்காக நான் வண்டியைக் கொண்டுபோய் எங்கயாவது மோதணுமா?"

"கிளி எல்லாத்தையும் கொத்திடுது தம்பி."

"கொத்தட்டும். கடையில கிடைக்காததா?"

தட்டைப் பிடுங்கி வந்து தன் வீட்டுப் பரணில் எறிந்தார். ஓரம் நசுங்கிப் போனது.

அதற்குப் பிறகு நாலைந்து நாளாகச் சத்தமே இல்லை. தூங்கியிருக்கலாம். தூக்கம் வந்தால்தானே. எப்போது மறுபடி ஆரம்பிப்பாளோ என்று காது விழித்துக் கிடந்தது. படுத்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி படுத்தார். கடைசியில் சமையலறைக்கு வந்து நின்றார்.

"கிழவி சும்மா இருக்காளே. டிப்போவுல போய் ஏதாவது வத்தி வச்சிருப்பாளோ?"

மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆமா, உங்க மேனேஜரும் அவங்களும் ஒண்ணா டீ குடிக்கிறவங்க பாருங்க. போய்ப் படுங்க."

"என்ன இது, வதங்கிக் கிடக்கு? எந்தக் கடையில வாங்கின?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் எந்தக் காலத்துல வெண்டைக்காய் வாங்கினேன்? நாம குடி வந்ததுலேர்ந்து அவங்கதான் மதில்மேல வச்சிட்டுப் போறாங்க. ருசியா இருக்குன்னு தின்னீங்களே, யாரு குடுத்ததுன்னு ஒருநாளாவது கேட்டீங்களா? இப்ப அதுவும் நின்னுபோச்சு. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்."

"நின்னுபோச்சுன்னா என்னன்னு போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போறது?"

சத்தமும் இல்லை, காயும் இல்லை. தனியாக இருக்கிற ஜீவன், உள்ளே விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஸ்டூலை இழுத்துப் போட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

நல்ல வெயில். கவிழ்த்த வாளிமேல் கிழவி உட்கார்ந்திருந்தாள். கழி நுனியில் பழைய துணியைக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டி ஆட்டி வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. கிளி கொத்திய தக்காளி தரையெல்லாம் கிடந்தது. கொடியில் வந்து உட்கார்ந்த கிளிகளைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"தின்னுட்டுக் கத்தாம போங்கடி. டிரைவர் தம்பி தூங்குது."

டிரைவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பரணைத் துழாவித் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றார்.

"இந்தாங்கம்மா. தட்டுங்க."

"உனக்குத் தூக்கம்?"

"பின்னாடி ரூம்ல படுத்துக்கறேன். காதுல பஞ்சு வச்சிக்கறேன்."

அவ்வளவு சின்ன விஷயம். இத்தனை நாள் அது தோன்றவில்லை. கிழவிதானே என்ற அலட்சியம் இருக்கிற இடத்தில் வேறெதுவும் தோன்றாது.

"காய் குடுக்க முடியலைன்னு கோவிச்சுக்காத தம்பி. கிளி கடிச்ச மிச்சத்தை எப்படிக் குடுக்கிறது?" என்றவள், தட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நசுக்கிட்டியே. பழைய சத்தம் வராது."

வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. டிரைவர் பின்னறையில் படுத்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இங்கயும் கேக்குதே. பரவாயில்லையா?"

"கேக்கட்டும். தனியா இருக்கிற பெரியவங்க வீட்டுல சத்தம் வந்தா சண்டைக்கு ஓடறோம். சத்தம் நின்னாதான் முதல்ல ஓடணும்."