ஊடு கட்டறோம், வந்துடுங்க

அந்த ஒரு வரியைத் திரையில் படித்ததும், வாய்க்குக் கொண்டுபோன டீயை முபீனா கீழே வைத்தாள்.

‘வர ஞாயித்துக்கெழம தூசிக்கு ஊடு கட்டறோம். நம்மாளுங்க அத்தினி பேரும் வந்துடுங்க.’

எழுதியவன் சடையப்பன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் உலை ஷிப்ட் பார்ப்பவன். அவனுடைய கூட்டாளிகள் கீழே வரிசையாக வந்து ‘நானு’, ‘நானும்’, ‘கம்பி நம்மளுது’ என்று எழுதியிருந்தார்கள்.

வெளியூர்க்காரன் படித்தால் இந்த ஒற்றுமையைப் பார்த்துக் கண் கலங்கிப் போவான். முபீனா பழவேற்காட்டில் பிறந்து புதுவாயலுக்கு வாழ்க்கைப்பட்டவள். இந்தப் பக்கத்தில் ஒருத்தனுக்கு ஊடு கட்டுவது என்றால் அது செங்கல் வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். சிலம்பக்காரன் கம்பைச் சுழற்றி நாலு திக்கிலும் அடி இறக்குவான் பாருங்கள், அதற்குப் பெயர் வீடு கட்டுவது. ஆளை நடுவில் விட்டு, சுற்றி நின்று, மறுபடி எழுந்திருக்காதபடி நொறுக்குவது.

அது 2008, மழை ஓய்ந்த மார்கழி. பெங்களூரில் ஒரு கம்பெனி ‘நாற்சந்தி’ என்று ஓர் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தது. ஊருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு நடத்துநர். கும்மிடிப்பூண்டி குழுவுக்கு முபீனா. கூட்டுரோட்டில் பஞ்சர் கடைக்கும் சிக்கன் பக்கோடா கடைக்கும் நடுவில் அவள் கணவன் ஆஷிக் வைத்துக்கொடுத்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சம்பளம் இல்லாமல் அந்த வேலையைப் பார்த்தாள். குழுவில் எல்லோருக்கும் அவள் ‘கண்டக்டரம்மா’.

அந்தக் குழுவின் இடியும் மின்னலும் ‘தூசி’தான். பெயர் தெரியாது, முகம் தெரியாது. உருக்காலைப் புகை நெல் மேல் படிவதைப் பற்றி அவர் எழுதினால், அடுத்த நிமிஷம் துபாயில் கிரேன் ஓட்டும் பொன்னேரிக்காரன் பதில் போடுவான். சிங்கப்பூரில் ஒருத்தன் தூக்கத்தை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவான். ஒரு மனுஷன் எங்கேயோ உட்கார்ந்து தட்டுகிற நாலு வரிக்கு இத்தனை தூரம் கால் உண்டா என்று முபீனா பலமுறை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தூசி நல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்சிக்காரன், கோயில்காரன், மசூதிக்காரன், எவனையும் விட்டதில்லை. பழவேற்காட்டு இறால் வியாபாரிகளின் தராசு படகு மாதிரி ஆடும் என்று எழுதினார். ஆஷிக்கே இறால் வியாபாரிதான். படித்துவிட்டு, ஆளு பேஜாரு புடிச்சவன், ஆனா தராசப் பத்தி கரெக்டாத்தான் சொல்றான் என்று சிரித்தான்.

போன வாரம் அவர் ஒரே பதிவில் இரண்டு வார்த்தை விட்டார். உலைக்காரன் நம் நெல்லைக் ‘கொலை’ செய்கிறான் என்பது ஒன்று. அவனிடம் சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் ‘கூலிப்படை’ என்பது இன்னொன்று. சடையப்பன் கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். பெங்களூரில் குழுக்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருந்த மோசஸ் உடனே தூசியின் கணக்கை மூடினார். கொலை என்பது தடைசெய்த சொல்லாம். அதோடு விஷயம் முடிந்தது என்று முபீனா நினைத்தாள்.

முடியவில்லை. தூசி முன்பு போட்ட ஒரு படத்தில், கருத்த கதிருக்குப் பின்னால் பம்புசெட் ரூமும் சுவரில் ‘ஏரிக்கழனி’ என்ற எழுத்தும் இருந்ததைச் சடையப்பன் கண்டுபிடித்துவிட்டதாக, சென்டருக்கு வந்த ஆலைப் பையன் ஒருவன் அவளிடம் சொன்னான். ஆள் யார் என்று இப்போது அவனுக்குத் தெரியும். கணக்கு மூடிவிட்டதால், தன்னைத் தேடி வருகிறார்கள் என்பது தூசிக்குத்தான் தெரியாது.

முபீனா மோசஸுக்கு மெயில் போட்டாள். சுடச்சுட பதில் வந்தது. வீடு கட்டிக் கொடுப்பது நல்ல காரியம்தானே சகோதரி, நாம் நீக்கிய ஒருவருக்கே உறுப்பினர்கள் வீடு கட்டுகிறார்கள் என்றால் நம் தளத்துக்கல்லவா பெருமை. அவள் போனில் கூப்பிட்டு அர்த்தத்தை விளக்கினாள்.

“நான் நாகர்கோவில்காரன்மா,” என்றார் மோசஸ். “எங்க ஊர்ல வீடு கட்டினா வீடுதான். அகராதியிலயும் அப்படித்தான் இருக்கு. எந்த விதியில நான் சடையப்பனை நீக்கட்டும்?”

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆஷிக் போய்வந்தான். வார்த்தையின் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் எழுதியதற்கு எல்லாம் ஆளைப் பிடிக்க முடியாது, பெங்களூர் கம்பெனிக்காரன் எழுதிக்கொடுத்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் கையில் ஒரே ஒரு பட்டன் இருந்தது. அந்த வரியை மறைக்கலாம். மறைத்தால் வரிதான் போகும், ஞாயிற்றுக்கிழமை போகாது. இப்போதாவது அடிக்க வருகிறார்கள் என்பது எழுத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

“வண்டிய எடுங்க,” என்றாள் ஆஷிக்கிடம். “ஏரிக்கழனி போவலாம்.”

*

தூசி, பனியனோடு வரப்பில் உட்கார்ந்து கதிரை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் தணிகாசலம். அடர்ந்த மீசை, கோபமான புருவம். வாரத்துக்கு ஒரு தடவை மீஞ்சூர் பிரவுசிங் சென்டருக்குப் போய் எழுதிவிட்டு வருவாராம். கும்மிடிப்பூண்டி குழுவின் நடத்துநர் என்று முபீனா சொன்னதும் முதல் வார்த்தையே சண்டையாக வந்தது.

“நீதான் என்னைப் பாதி வழியில எறக்கி உட்ட கண்டக்டரா?”

தான் இல்லை, பெங்களூர் என்றாள் முபீனா. பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவர் மனைவி சின்னப்பொண்ணு கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். ரெண்டு நாள் எங்காவது போய் இருந்துவிட்டு வரச் சொல்லி ஆஷிக் கெஞ்சினான். அவர் கதிரைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“ஓடினா, நான் எழுதினது அத்தினியும் பொய்னு ஆயிடும் பாய். வரட்டும்.”

“வந்தா உடம்புல எலும்பு இருக்காதுயா,” என்றாள் சின்னப்பொண்ணு. “அப்பறம் இன்னாத்த வெச்சி எழுதுவ? பொகைய நிறுத்தச் சொல்லு, நான் வாணாங்கல. வேலக்கிப் போற புள்ளைங்கள ஏன்யா கூலிப்படன்ன? அதுங்களும் நம்ம ஊட்டுப் புள்ளைங்கதான?”

தணிகாசலம் உள்ளங்கையிலிருந்த உமியை ஊதினார். அப்போதுதான் முபீனா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கழனிப்பக்கத்துச் சுவர் முழுசாக இல்லை. போன மாச மழையில் விழுந்திருக்கிறது. நீலத் தார்ப்பாய் கட்டி, அது காற்றில் உப்பி உப்பி அமுங்கிக்கொண்டிருந்தது.

வீடு கட்டினா வீடுதான். மோசஸின் குரல் காதுக்குள் கேட்டது.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதோடு வந்தது பயமா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஐயா,” என்றாள் மெதுவாக, “உங்க பேரையும் ஊரையும் நான் குழுவுல போடலாமா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. “போடு,” என்றார். “மூஞ்சிய மூடிக்கினு எழுதி எனக்கும் அலுத்துப் போச்சி.”

*

அன்று சாயங்காலம் குழுவின் உச்சியில், யார் திறந்தாலும் முதலில் தெரியும்படி நடத்துநரின் அறிவிப்பு ஏறியது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் மெயிலாகவும் பறந்தது.

‘நம் தூசி என்கிற ஏரிக்கழனி தணிகாசலம் வீட்டுச் சுவர் மழையில் விழுந்துவிட்டது. நம் சடையப்பன் தன் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீடு கட்ட முன்வந்திருக்கிறார். முடிந்தவர்கள் கை கொடுங்கள்.’ அதற்குக் கீழே, சடையப்பனின் வரியை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே ஒட்டியிருந்தாள்.

ஆஷிக் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். யாருமே வரவில்லை என்றால் அடிக்க வருகிறவனுக்கு நாமே மேளம் கொட்டின மாதிரி ஆகிவிடும் என்றான். அந்தப் பயம் முபீனாவுக்கும் இருந்தது.

முதலில் சடையப்பனின் தனிமடல்தான் வந்தது. ‘இன்னா கண்டக்டரம்மா, நக்கலா?’

அவள் பதில் எழுதினாள். ‘நீங்க எழுதினததான் நானும் எழுதியிருக்கேன்.’

அதன் பிறகு திரை நகர ஆரம்பித்தது. அர்த்தம் புரியாத வெளியூர்க்காரர்கள் சடையப்பனைத் தெய்வமே என்றார்கள். அர்த்தம் புரிந்த உள்ளூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு அவளுடைய நோக்கம் பிடிபட்டு, கள்ளச்சிரிப்போடு உள்ளே வந்தார்கள். சூளை வைத்திருந்த ஒருவர் செங்கல் தன்னுடையது என்றார். தூசி ஒரு காலத்தில் நார் நாராகக் கிழித்த கட்சிக்காரர், ஏசினாலும் நம்ம ஊர் ஆள் என்று சொல்லி மணல் அனுப்புவதாக எழுதினார். துபாய் கிரேன்காரன் தன் தம்பியை அனுப்பினான், அவன் கொத்தனார். ஒரு வார்த்தையைப் புரட்டிப் போட்டதற்கு இவ்வளவா? முபீனா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தொட்டால் இன்னும் என்ன ஆகுமோ என்கிற மாதிரி.

*

எழுத்தில் வருகிறவன் எல்லாம் நேரில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கழனிப் பாதையில் திரும்பும்வரை அவள் மனசுக்குள் துவா ஓதிக்கொண்டே வந்தாள். திரும்பியதும் ஆஷிக் தானாக பிரேக் போட்டான்.

ஏரிக்கரை நெடுக ஆட்கள். மீஞ்சூர் ரயிலில் வந்து இறங்கியவர்கள், ஷேர் ஆட்டோக்களில் பிதுங்கியவர்கள், தலையில் சட்டியோடு நடக்கிற பெண்கள். செங்கல் ஏற்றிய டிராக்டர் சேற்றில் சிக்கி, அதைப் பத்துப் பதினைந்து பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது, குழுவில் வைத்துக்கொண்ட பெயர்தான் தெரியும். “நீதான் சுண்டெலியா? போன மாசம் என்னைக் கழுதைன்னு எழுதினியே,” என்று கேட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். தான் திரையில் பெயர்களாக மட்டுமே பார்த்த கூட்டம் வேர்வையும் பீடி நாற்றமுமாக நடந்து போவதை முபீனா நின்று பார்த்தாள்.

சுவர் இடுப்பளவு ஏறியபோது பைக்குகள் வந்தன. சடையப்பனும் ஆட்களும். ஆளுக்கொரு இரும்புக் கம்பி, சாக்கில் சுற்றி. வீட்டைச் சுற்றி இருக்கும் கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

கொத்தனார் சுவரிலிருந்து தலையைத் திருப்பினான். “கம்பி வந்துட்சா நைனா? ஜன்னலுக்கு மேல போடணும், இப்டி குடு.”

யாரும் சிரிக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் கரண்டியையும் சட்டியையும் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். அந்தக் கம்பி எந்தப் பக்கம் போகும் என்பதுதான் கேள்வி. அப்போது பார்த்து, முபீனா எது நடக்கக் கூடாது என்று நினைத்தாளோ அது நடந்தது. தணிகாசலம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராகச் சடையப்பன் முன்னால் போய் நின்றார்.

“பொகையப் பத்தி எழுதினதுல ஒரு எழுத்த வாபஸ் வாங்க மாட்டேன்,” என்றார். “உன்னைக் கூலிப்படைன்னேன் பாரு, அது தப்பு. அத அத்தினி பேரு எதிர திருப்பி எடுத்துக்கறேன்.”

சடையப்பனின் தாடை இறுகியது. கம்பியைப் பிடித்த கைமுட்டி வெளுத்தது. “உல நின்னா எங்க ஊட்ல ஒல ஏறாது. அத என்னைக்காவது எழுதினியா நீ?”

“எழுதல.”

அவ்வளவுதான். சடையப்பன் அந்த முகத்தையே பார்த்தான். எத்தனையோ மாதம் தான் கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்த்த ஆள் ஒரு கை தூரத்தில் நிற்கிறார், ஓடவில்லை. கம்பியைச் சாக்கோடு செங்கல் குவியல் மேல் போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மதியம் எல்லோரும் களத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணு வடித்த சோறு, ஆஷிக் கொண்டுவந்த இறால் தொக்கு. இலையில் வெள்ளைச் சோறு விழுந்து ஆவி பறக்கும்போதே கும்மிடிப்பூண்டிப் பக்கம் உலை திறந்தது. வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எழுந்து, காற்றில் வளைந்து, ஏரியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

முதலில் ஓர் இலையில் ஒரு கரும்புள்ளி. பிறகு பக்கத்து இலையில். பிறகு எல்லோர் சோற்றிலும், மிளகு தூவினாற்போல. பேச்சு அடங்கியது. தூசி இத்தனை மாதம் எழுதி எழுதி, பாதிப் பேர் நம்பி பாதிப் பேர் ஏசிய சங்கதி, இலையில் வந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள்.

சடையப்பன் அதைச் சுண்டிவிடவில்லை, இலையை மடிக்கவில்லை. புள்ளியோடு சேர்த்துப் பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டான். பிறகு தலையைத் தூக்கி முபீனாவைத் தேடினான்.

“இவர எப்ப திரும்ப உள்ள உடுவீங்க?”

“அது என் கையில இல்லீங்க.”

“எனக்கு இவராண்ட கேக்கவேண்டியது நெறைய இருக்கு. இவரு வாய மூடி வெச்சிட்டா நான் யாராண்ட சண்ட போடறது?”

முபீனா செல்போனை எடுத்து மோசஸின் நம்பரை அழுத்தி, இலைகளைத் தாண்டிப்போய் அவனிடம் நீட்டினாள். சடையப்பன் சோற்றுக் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனைக் காதில் வைத்தான். களம் முழுக்க அவனையே பார்த்தது.

“சார், நான் கும்மிடிப்பூண்டி சடையப்பன் பேசறேன். தூசி மேல புகார் குடுத்தவன். அத வாபஸ் வாங்கறேன்... இல்ல சார், யாரும் மெரட்டல. சாப்ட்டுக்கினு இருக்கேன்.”