தம்பி முறுக்கிய போல்ட்டுகள்

...கோளாறு பேட்டரியில் இல்லை, பேட்டரியாக இருந்தால் விளக்கு மங்கியிருக்கும், பளிச்சென்றுதான் எரிகிறது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஸ்டார்ட்டரும் இல்லை, கழற்றித் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று, ஜம்மென்று சுற்றியது. பிளக்குகளை எடுத்துவிட்டு நீளக் கம்பி போட்டுக் கையால் திருப்பினால்கூட எஞ்சின் இம்மி அசையவில்லை... அப்படியானால் அடியில்தான், அடிப்பாகத்தைப் பூட்டியவன் தம்பி, வேறு யார்? நினைத்தவுடன் மெக்கானிக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கம்கெட்ட நிம்மதி. பன்னிரண்டு வருடம் ஒரே ஷெட்டில் கூட நின்றவன், நேற்று மதியம், "உன் கை பட்டது எதுவும் உருப்படாதுடா" என்று வாடிக்கையாளர் முன்னால் சொன்னதற்காக வேறு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இன்று நாலு மணிக்குக் கருவிப்பெட்டியை எடுக்க வருகிறான். வரட்டும், இந்த வண்டியைக் காட்டி, பார்த்தாயா நான் சொன்னதை, என்று கேட்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து, எண்ணெய்த் தொட்டியை இறக்கி, சுழலும் தண்டைப் பிடித்திருக்கும் ஐந்து மூடிகளையும் பார்த்தார். இரண்டாவதைத் தளர்த்தினார், பிறகு மூன்றாவதை, தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டையும் கழற்றித் துடைத்துப் பார்த்தால், மூன்று புள்ளி குத்திய மூடி இரண்டாம் இடத்தில் இருக்கிறது, இரண்டு புள்ளி மூன்றாம் இடத்தில். அந்தந்த மூடி அந்தந்த இடத்துக்கென்றே கடைந்தது, மாற்றிப் போட்டால் தண்டை நெரித்துவிடும், இதுகூடவா தெரியாது அந்த மடையனுக்கு... ஆனால் புள்ளி குத்தியவனே அவன்தானே? பூட்டி முடித்து, ஒற்றைக் கையால் சுற்றிக் காட்டினானே நேற்று, இவர் கண்ணெதிரில்? அதற்குப் பிறகு யார்... அவன் போனதும் இவர்தான். தம்பி முறுக்கிய போல்ட்டை அவிழ்த்துத் தாமே மறுபடி முறுக்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. ஐந்தையும் கழற்றித் தட்டில் போட்டார், அந்த நேரம் பார்த்து மனைவி போனில், "தம்பி போறேன்னா போன்னு விட்டுட்டீங்களா?" என்றாள், அவளோடு கத்திக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார். சுற்றிப் பார்க்கவில்லை. தாம் பூட்டியதை யாராவது சுற்றிப் பார்ப்பார்களா?

வாசலில் செருப்புச் சத்தம். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் தம்பியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"சுத்தலையாண்ணே?"

"ம்."

"நான்தான் எங்கயாச்சும் தப்பு பண்ணிருப்பேன். மூடிய ஒரு தடவ பாத்துருங்க."

அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார், இல்லை, மனதாரத்தான் சொல்கிறான், பூட்டிச் சுற்றிக் காட்டியவனே தன்னை நம்பவில்லை. அப்படியானால் இத்தனை வருடம் கோளாறென்று திரும்பி வந்த வண்டிகள், அந்த நீல வண்டி, டாக்டரம்மா வண்டி, எல்லாவற்றையும் கடைசியாகத் தொட்டது... சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான், சொன்னால் நின்றாலும் நின்றுவிடுவான்.

"டேய்."

பாதங்கள் நின்றன. "என்னண்ணே?"

நெஞ்சின்மேல் வைத்திருந்த மூன்று புள்ளி மூடி கனத்தது. "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் என்னுது. வச்சிட்டுப் போ."

அது தம்பி வாங்கியது, இருவருக்கும் தெரியும். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு கை மட்டும் கீழே வந்து ஸ்பேனரை அவருக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனது.