மரி துப்ரே என்று ஒருத்தி இல்லை

கல்வெட்டை மூடியிருந்த துணியை இழுத்ததும் குடும்பத்தார் எல்லோரும் கை தட்டினார்கள். ரேத்தா தட்டவில்லை.

பளபளவென்று கறுப்புக் கல். ‘யாக்கப் க்ரூக்காம்ப், இந்த நிலத்தின் முதல் குடியேறி. அவர் மனைவி மரி துப்ரே, பிரான்ஸ் நாட்டவர்.’ அடியில் சின்ன எழுத்தில், ‘வம்ச ஆராய்ச்சி: ரேத்தா க்ரூக்காம்ப்.’

மரி துப்ரே என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அது ரேத்தாவுக்குத் தெரியும். பாரெண்டு பெரியப்பாவுக்கும் தெரியும். கேப் டவுனுக்கு வருஷக்கணக்கில் அலைந்து, பழைய தேவாலயப் பதிவுகளில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்தது வேறு. யாக்கப் மணந்தது கத்தரீனாவை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்ட அடிமைப் பெண். அவளை விலைக்கு வாங்கிய யாக்கப்பே விடுதலை செய்து, பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். இன்று இந்தத் தோட்டத்தில் கூடியிருக்கும் அத்தனை பேரும் அவள் வயிற்று வழி வந்தவர்கள். இதை மார்ச் மாதமே குடும்பக் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். “கவனிச்சுக்கறோம்மா” என்றார் பெரியப்பா. கவனித்த லட்சணம் இது.

கரியடுப்பில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஓக் மரத்தடியில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார் பெரியப்பா. ரேத்தா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“யாரு பெரியப்பா அந்த மரி?”

“எங்க அப்பா அப்படித்தான் சொன்னாரு.”

“நான் சொன்னது என்ன ஆச்சு?”

“அது பழங்காகிதம். ஆளுக்கொண்ணு எழுதி வெச்சிருப்பான். சாப்பிட்டியா நீ?”

“கத்தரீனா பேரைப் போடாதது உங்க இஷ்டம். என் பேரை எதுக்குப் போட்டீங்க? இந்தப் பொய்யை நான்தான் கண்டுபிடிச்சேன்னு ஊர் பேசணுமா?”

தம்பி டெர்ஷியஸ் ஓடி வந்தான். “அக்கா, மெதுவா. உழைச்சது நீ, பேராவது இருக்கட்டுமேன்னு நான்தான் போடச் சொன்னேன்.”

“உன் தர்மத்தை நீயே வெச்சுக்க.” அவள் பெரியப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சலோமி அத்தைக்கு என்ன பதில் சொல்றீங்க?”

பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. அந்தப் பெயரை அந்தத் தோட்டத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. சலோமி பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கை. வெள்ளைக்காரியும் கலப்பினத்தானும் சேர்ந்தால் சிறை என்றிருந்த காலத்தில், கலப்பின வாத்தியார் ஒருவரைக் காதலித்தாள். போலீசுக்குப் போனவர் அண்ணன் பாரெண்டுதான். சிறையிலிருந்து வந்தவள் வாத்தியாரோடு எல்லை தாண்டி லெசோத்தோவுக்குப் போனாள். அங்கேயே வாழ்ந்து, போன குளிர்காலத்தில் செத்தும் போனாள். இந்தக் குடும்பத்திலிருந்து சாவுக்குப் போனது ரேத்தா ஒருத்திதான்.

பெரியப்பா மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“நம்ம ரத்தம் கெட்டுடக் கூடாதுன்னுதானே அவளைக் காட்டிக் கொடுத்தேன்,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். “நீ சொல்றது நிஜம்னா, நான் பண்ணினதுக்கு என்னம்மா அர்த்தம்?”

கிழவரின் கண் கலங்கியிருந்தது. ரேத்தாவுக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இவர் அழுவது அத்தைக்காக இல்லையே என்றுதான் ஆத்திரம் வந்தது.

“அர்த்தம் எதுவும் இல்ல பெரியப்பா. மரி துப்ரே நிஜமாவே பிரான்ஸ்லேர்ந்து வந்திருந்தாலும் அதுக்கு அர்த்தம் இல்ல.”

கொட்டகைக்குப் போய்க் கல் தேய்க்கும் மெஷினை எடுத்து வந்தாள். பேரிக்காய்ப் பெட்டி அடுக்கும் இடத்திலிருந்து ஒயரை இழுத்தாள். டெர்ஷியஸ் குறுக்கே நின்றான்.

“அக்கா, அது எல்லாருக்கும் பொதுவான கல்லு.”

“என் பேரு பொது இல்ல. தள்ளு.”

தள்ளி நின்றான். மெஷின் அலறியது. கறுப்புத் தூள் அவளுடைய தலைமுடியிலும், வெந்துகொண்டிருந்த இறைச்சியிலும் படிந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. ஒருவரும் கிட்டே வரவில்லை. தன் பெயர் இருந்த இடம் வெளுத்துப் போகும்வரை தேய்த்துவிட்டு நிறுத்தினாள்.

“மரியை விட்டுட்டியே,” என்றான் டெர்ஷியஸ். அதையும் அழித்துவிட்டால் தேவலை என்பதுபோல இருந்தது அவன் குரல்.

“அவ நீங்க பெத்த பொய். நீங்களே வெச்சுக் கும்பிடுங்க. உனக்கு வேணும்னா நீ அழி. மெஷின் இங்கதான் இருக்கு.”

அவன் மெஷினைத் தொடவில்லை.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு ரேத்தாவுக்கு அழைப்பு வரவில்லை. தான் கண்டுபிடித்ததையெல்லாம் சொந்தச் செலவில் அச்சடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினாள். பாதி, பிரிக்காமலே திரும்பி வந்தது. பெரியப்பா இறந்தபோது போய்க் கடைசி வரிசையில் நின்றாள். சவப்பெட்டி இறங்கும்போதும் அவள் முகம் இளகவில்லை.

வெகு நாள் கழித்து டெர்ஷியஸ் போன் செய்தான். சுற்றி வளைத்து மழையைப் பற்றிப் பேசினான், விளைச்சலைப் பற்றிப் பேசினான். பிறகு இழுத்தான்.

“அக்கா, நீ அனுப்பினதை என் பொண்ணு படிச்சிருக்கா. கத்தரீனாவோட ஊர் எங்க இருக்குன்னு கேக்கறா. பதிவுல இருக்கிற பழைய பேரை வெச்சு மேப்புல தேடினா கிடைக்கலையாம்.”

ரேத்தா ஊரின் இப்போதைய பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் எழுதிக்கொள்ளும் வரை காத்திருந்தாள். “வேற ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தாள்.