அமிலத்தில் ஊறிய எலும்பு

ஆய்வகத்து டாக்டரம்மாவுக்குக் கொட்டாவி விடக்கூட அலுப்பாக இருந்தது. இருட்டறையில் நுண்ணோக்கிக்குள் முகத்தைப் புதைத்து, நுரையீரல் புற்றுநோய்க்காரர் ஒருவரின் இடுப்பெலும்புத் துணுக்கைத் துழாவிக்கொண்டிருந்தார்.

செல்லுக்குள் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒட்டிக்கொண்டிருந்தால் மரபணு ஒழுங்காக இருக்கிறது. நோயாளிக்கு முடி கொட்டும் வைத்தியம்தான். பிரிந்து நின்றால் மரபணு உடைந்து இடம் மாறியிருக்கிறது. அதற்கென்றே மாத்திரை உண்டு. பங்காளிகளுக்கு அடுத்தபடியாகப் பிரிவினையை இவ்வளவு ஆவலாக எதிர்பார்க்கும் இடம் இந்த அறைதான்.

இன்று ஒட்டவும் இல்லை, பிரியவும் இல்லை. ஒரே கும்மிருட்டு.

"எலும்பை எதுல ஊற வெச்சீங்கண்ணே?"

திசு வெட்டும் டெக்னீஷியன் வாசலில் நின்றார். "ஸ்ட்ராங் ஆசிட்லதான் மேடம். நீங்கதானே சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை வாங்கினீங்க. வெட்டறதுக்கு வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு."

"உள்ள இருந்த டிஎன்ஏவும் சேர்ந்து உருகிடுச்சு."

"அப்ப மாற்றம் இல்லைனு எழுதிடலாமே."

"இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேறண்ணே. இல்லைனு எழுதினா அந்த மனுஷனுக்கு மாத்திரை கிடைக்காது."

உயிரை வாங்கியது உண்மைதான் என்பதால் அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை.

வெளியே பெஞ்சில் நோயாளியின் தங்கை.

"மறுபடி எலும்புல ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கணும்மா."

"இன்னொரு ஊசின்னா வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறார் மேடம். சிகரெட்டைத் தொட்டதே இல்ல. பக்கத்துல யாராவது பிடிச்சாலே உக்கார வெச்சுப் பாடம் எடுப்பார். அவருக்குப் போய் இது."

"மூச்சு எப்படி இருக்கு?"

"காலைல நெஞ்சுலேர்ந்து தண்ணி எடுத்தாங்க. இப்ப திட்டற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு."

தண்ணீர். புற்றுச் செல்கள் அதிலும் மிதக்கும், அமிலம் படாமல்.

ஓடத் தெம்பில்லாததால் டாக்டரம்மா வேகமாக நடந்தார். பக்கத்து அறையில், கொட்டுவதற்கென்று ஒதுக்கிய தட்டில் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம்.

"இதையும் ஆசிட்ல போட்டுடாதீங்கண்ணே."

"தண்ணியை ஊற வெக்க இன்னும் கத்துக்கல மேடம்."

அந்த வாரக் கடைசியில், அதே இருட்டில், செல்லுக்குச் செல் சிவப்பு ஒரு மூலையிலும் பச்சை இன்னொரு மூலையிலும் முகம் திருப்பிக்கொண்டு நின்றன.

"மரபணு உடைஞ்சிருக்கும்மா," என்றதும் தங்கையின் முகம் விழுந்தது. "நல்ல சேதிதான். மாத்திரை போதும். ஊசி வேண்டாம்."

"குணமாயிடுமா மேடம்?"

"நோயைப் பிடிச்சு வைக்கும். எவ்வளவு காலத்துக்குன்னு சொல்ல முடியாது."

தங்கை எழுந்து நின்றாள்.

"நீங்களே வந்து சொல்லிடுங்க. நான் சொன்னா பாடம் எடுப்பார்."

டாக்டரம்மா மேசைக்கடியில் காலால் செருப்பைத் தேடினார்.